கறுப்புக் குதிரையும் காரிக் குதிரையும்: ஓர் ஆங்கில மரபுத்தொடரும் கள்ளக்குறிச்சி வட்டாரத் தேர்தல் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

எதிர்பாராத போட்டியாளரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘டார்க் ஹார்ஸ்’ என்னும் தொடர், தமிழ் இதழியலில் ‘கறுப்புக் குதிரை’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டுள்ளது. இப்பெயர்ப்பில் நிறம் வந்து சேர்ந்தது. காண்போரின் அறியாமை என்னும் மூலக்கருத்து விடுபட்டது. மலையமான்களின் திருக்கோவலூர் முதல் கல்வராயன் மலை வரையிலான இன்றைய கள்ளக்குறிச்சி வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு, இத்தொடர் எதை விளக்குகிறது, எதை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மரபுத்தொடர், சொற்பெயர்ப்பு, மலையமான், தென்னார்க்காடு, மூன்றாம் அணி, கல்வராயன் மலை, வாக்குரிமை.

தொடரின் பிறப்பு

இத்தொடர் குதிரைப் பந்தயத் திடலில் பிறந்தது. பின்னாளில் இங்கிலாந்தின் தலைமை அமைச்சரான பெஞ்சமின் டிஸ்ரேலி 1831இல் வெளியிட்ட ‘தி யங் டியூக்’ என்னும் புதினத்தில் ஒரு பந்தயக் காட்சி வருகிறது. மக்கள் பணம் கட்டிய பெயர்பெற்ற குதிரைகள் பின்தங்கிவிட, யாரும் நினைத்தும் பாராத ஒரு குதிரை முந்திச் சென்று வெல்கிறது. பந்தயப் பட்டியலில் அதன் பெயர் இருந்ததைக் கதைமாந்தன் கவனிக்கவேயில்லை. அக்குதிரையை டிஸ்ரேலி ‘டார்க்’ என்கிறார். அது கருநிறக் குதிரை என்பது அங்குப் பொருளன்று. பந்தயக்காரர் வழக்கில், ஒரு குதிரையின் ஓட்டத்திறன் வெளியாருக்குத் தெரியாதபடி இருந்தால் அது இருளில் உள்ள குதிரை. வெண்குதிரையும் செங்குதிரையும்கூட அவ்வகையில் ‘டார்க்’ ஆகலாம்.

திடலிலிருந்து அரசியலுக்கு இத்தொடர் விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1844இல் பால்டிமோர் நகரில் கூடிய அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாட்டில், முன்னாள் குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரனுக்கு மூன்றில் இரு பங்கு ஆதரவு கிட்டவில்லை. முதல் ஏழு சுற்று வாக்கெடுப்புகளில் வாக்கே பெறாத ஜேம்ஸ் போல்க் எட்டாம் சுற்றில் தோன்றி, ஒன்பதாம் சுற்றில் வேட்பாளராகி, அவ்வாண்டே குடியரசுத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்க அரசியல் வரலாற்றில் இவ்வகைப் போட்டியாளருக்கு முதல் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் அவரே. ஆயினும் போல்க் அறியப்படாதவர் அல்லர். கீழவையின் தலைவராகவும் டென்னசி மாநில ஆளுநராகவும் இருந்தவர். அவரைச் சூழ்ந்திருந்த இருள் மாநாட்டைக் கணித்தவர்களின் கண்ணில் இருந்தது. இந்த நுட்பம் தமிழ்ப் பெயர்ப்பை மதிப்பிட மிகவும் தேவையானது.

தமிழில் கறுப்பு

தேர்தல் செய்தியிலும் விளையாட்டுச் செய்தியிலும் ‘கறுப்புக் குதிரை’ இன்று பழகிய தொடராகிவிட்டது. ‘கறுப்பு ஆடு’, ‘கறுப்புப் பணம்’, ‘வெள்ளை யானை’ ஆகியனவும் இவ்வழியில் வந்தவையே. இவற்றோடு ‘கள்ளச் சந்தை’ என்னும் ஆக்கத்தை ஒப்பிட வேண்டும். ஆங்கிலத்தில் அதுவும் கறுப்புச் சந்தையே; தமிழாக்கியவர் நிறத்தை விட்டுக் கருத்தைக் கொண்டார். சந்தைக்குச் செய்ததைக் குதிரைக்குச் செய்யவில்லை. மேலும், ‘டார்க்’ என்னும் சொல் இருளையும் குறிக்கும். கருமையை மட்டும் குறிப்பதன்று. ‘இருட்குதிரை’ என்றோ ‘அறியாக் குதிரை’ என்றோ பெயர்த்திருந்தால் காண்போரின் குறை சொல்லிலேயே நின்றிருக்கும். ‘கறுப்பு’ என்றவுடன் குறை குதிரையின் தோலுக்குப் போய்விட்டது.

தமிழில் ‘கறுப்பு’ வெறும் நிறப்பெயரும் அன்று. தொல்காப்பிய உரியியல், கறுப்பும் சிவப்பும் வெகுளியை உணர்த்தும் சொற்கள் என்று முதலில் சொல்லி, நிறத்தை உணர்த்துவதை அதன்பின் வைக்கிறது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் அச்சொல் சட்டையாகவும் கொடியாகவும் அரசியல் பொருள் பெற்றதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இதழ்கள் ‘கருப்பு’ என்று எழுதுவதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வேற்றுமைப் புணர்ச்சியில் கரும்பு ‘கருப்பு’ ஆகும். கருப்பஞ்சாறு அவ்வாறு வந்ததே. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ள கள்ளக்குறிச்சி வட்டாரத்தில், ‘கருப்புக் குதிரை’ கரும்பு வயலில் நிற்கும் குதிரையாகவும் பொருள்படலாம்!

பந்தயத் திடல் தமிழகத்துக்குப் புதிதன்று; சென்னைக் கிண்டியில் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே குதிரைப் பந்தயம் நடந்துவருகிறது. தமிழ்நாடு அரசு 1974இல் அதனை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அவ்வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறன் சார்ந்தது, சூதன்று என்றது. குதிரையின் வழிமரபு, பயிற்சி, முந்தைய ஓட்டங்கள், ஓட்டுநரின் தேர்ச்சி ஆகியவற்றை ஆராய்ந்தவன் முடிவை ஓரளவு கணிக்க இயலும் என்பது இதன் உட்கிடை. அங்ஙனமாயின் லாயத்தில் இருப்பவனுக்கு எந்தக் குதிரையும் இருளில் இல்லை. பார்வையாளர் மேடைக்கே இருள் உரியது.

காரி

கருநிறக் குதிரை ஒன்று இவ்வட்டாரத்தின் தொல்வரலாற்றிலேயே உண்டு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான மலையமான் திருமுடிக்காரி, முள்ளூர் மலைக்கும் பெண்ணையாற்றங்கரைக் கோவலூருக்கும் உரியவன். அக்கோவலூரே இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூர். ‘காரி’ என்பது கருமையையும் கருநிறமுடையதையும் குறிக்கும் சொல். அவன் ஊர்ந்த குதிரைக்கும் காரி என்பதே பெயர் என்பதைச் சிறுபாணாற்றுப்படை தெரிவிக்கிறது. கொல்லிமலைத் தலைவன் ஓரிக்கும் அவன் குதிரைக்கும் பெயர் ஒன்றாயிருந்ததை அந்நூல் அங்கேயே இணைத்துச் சொல்கிறது. மலையமான் காசுகள் எனத் தினமலர் நாளிதழின் ஆசிரியரும் நாணயவியல் அறிஞருமான இரா. கிருஷ்ணமூர்த்தி இனங்கண்டு வெளியிட்டவற்றின் ஒரு புறத்தில் குதிரை உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. இந்நாட்டின் அடையாளமே குதிரை எனலாம்.

இக்கருங்குதிரை யாருக்கும் தெரியாத குதிரையன்று. பெயர் சொல்லிப் பாடப்பட்ட குதிரை. தலைவனின் புகழும் குதிரையின் நிறமும் ஒரே சொல்லில் நிற்கின்றன. ஆங்கிலத் தொடரில் ‘டார்க்’ என்பது அறியாமையைக் குறிக்க, சங்கச் செய்யுள் மரபில் ‘காரி’ நன்கறியப்பட்டமைக்குப் பெயராகிறது.

இதனினும் குறிப்பிடத்தக்கது மலையமான்களின் அரசியல் நிலை. கபிலர் பாடிய புறநானூற்று 122ஆம் பாடலில், மூவேந்தருள் ஒருவர் தமக்குத் துணையாகுமாறு வேண்டி அனுப்பும் செல்வமே காரியின் செல்வமாகக் காட்டப்படுகிறது. அதுவும் அவனிடம் தங்காமல் பரிசிலர்க்குப் போய்விடுகிறது. 125ஆம் பாடல் இன்னும் கூர்மையானது. சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையும் சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளியும் பொருதபோது, சோழனுக்குத் துணைநின்ற தேர்வண்மலையனை வடமவண்ணக்கன் பெருஞ்சாத்தனார் பாடியது. போர் முடிந்தபின் வென்றவன் தன்னை வெல்வித்தவன் மலையன் என்கிறான். தோற்றவனும், அவன் இல்லையாயின் வெல்வது எளிதாயிருந்திருக்கும் என்கிறான். இருவர் வாயிலும் மூன்றாமவன் பெயர் வருகிறது.

சிற்றரசின் வலிமைக்கு எல்லையும் உண்டு. ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தவன் காரி என்கிறது அகநானூறு. அவனது கோவலூரைத் தகடூர் அதியமான் வென்றதை ஔவையார் பாடியுள்ளார். திருக்கோவிலூர் அருகிலுள்ள ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் காணப்படுவது, அப்படையெடுப்புச் செய்தியோடு பொருந்துகிறது. பேரரசுகளுக்கிடையில் முடிவைத் திருப்பும் ஆற்றல், தன் நிலத்தைக் காத்துக்கொள்ளும் ஆற்றலாக எப்போதும் அமைவதில்லை. சங்ககாலக் குறுநிலத் தலைமையையும் இக்காலக் கட்சி அரசியலையும் நேர்கோட்டில் இணைப்பது வரலாற்றுப் பிழையாகும். ஆயினும் மூன்றாமவன் வகிக்கும் இடத்தைக் குறிக்கத் தமிழ் மரபில் ‘துப்பு’ என்ற சொல் இருந்ததை நினைவிற் கொள்வது, பின்வரும் தேர்தல் நிகழ்வுகளைப் படிக்க உதவும்.

1952: தென்னார்க்காட்டின் முதல் வியப்பு

கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதி. வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்த முதல் பொதுத்தேர்தலில், சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றது. த. பிரகாசம் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி 166 உறுப்பினரின் ஆதரவைக் கோரியது. இந்நிலையில் எசு. எசு. இராமசாமிப் படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், மா. அ. மாணிக்கவேல் நாயகரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றிருந்தன. முன்னதற்குத் தென்னார்க்காடும் பின்னதற்கு வடார்க்காடும் களம். நாடாளுமன்றத்திலும் உழைப்பாளர் கட்சிக்கு 4 இடங்களும் காமன்வீல் கட்சிக்கு 3 இடங்களும் கிடைத்தன.

இதனை வியப்பாகக் கருதியவர்கள் சாதிச் சங்கங்களைத் தேர்தல் அமைப்புகளாகக் கருதாதவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து குடிக்கணக்கில் தம் பெயரை மாற்றக் கோரியும், கல்விக்கும் அரசுப் பணிக்கும் மனுக்கள் அளித்தும் வன்னியர் சங்கங்கள் ஊர்தோறும் இயங்கிவந்தன. லாயிட் ருடால்ஃபும் சூசன் ருடால்ஃபும் 1967இல் வெளியிட்ட ‘தி மாடர்னிட்டி ஆஃப் டிரெடிஷன்’ என்னும் நூலில் இவ்வமைப்புகள் கட்சிகளாக உருமாறியதை விரிவாக ஆராய்ந்துள்ளனர். கட்சி புதிது, ஊர்களில் அதன் வேர் புதிதன்று.

மாணிக்கவேல் நாயகர் இராஜாஜியின் அமைச்சரவையில் சேர்ந்தார். 1954இல் அமைந்த காமராசர் அமைச்சரவையில் படையாட்சியாரும் இடம்பெற்றார். இரு கட்சிகளும் காங்கிரஸில் கரைந்தன. முடிவைத் திருப்பும் ஆற்றல் இருந்தது; கட்சிகள் நிலைக்கவில்லை.

ஒரு சொல், இரு பொருள்: 2006 முதல் 2016 வரை

நடிகர் விஜயகாந்த் 2005 செப்டம்பர் 14ஆம் நாள் மதுரையில் தேசிய முற்போக்கு திராவிடக் கழகத்தைத் தொடங்கினார். 2006 சட்டமன்றத் தேர்தலில் கூட்டணியின்றி 232 தொகுதிகளில் போட்டியிட்ட அக்கட்சி, ஏறத்தாழ 8.4 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. வென்ற இடம் ஒன்றே, அது விருத்தாசலம். மதுரை மாவட்டத்துக்காரரான விஜயகாந்த், பாட்டாளி மக்கள் கட்சியின் கையிலிருந்த தொகுதியை, அக்கட்சியின் செல்வாக்கு மிகுந்த நிலப்பகுதியில் வென்றார். விருத்தாசலம் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் பழைய தென்னார்க்காட்டின் பகுதி. உளுந்தூர்ப்பேட்டைக்கு அண்டை ஊர்.

அரசியல் நோக்கர்கள் ‘கறுப்புக் குதிரை’ எனக் குறிக்கும் நிலைக்கு இதனினும் பொருந்திய எடுத்துக்காட்டு தமிழகத் தேர்தல் வரலாற்றில் அரிது. ஆனால் விஜயகாந்தை அவருடைய அன்பர்கள் ‘கறுப்பு எம்.ஜி.ஆர்.’ என்று அதற்கு முன்னரே அழைத்துவந்தனர். ஒரே மனிதரைச் சார்ந்து ‘கறுப்பு’ இரு திசைகளில் பொருள் தருகிறது. ஆங்கில வழித் தொடரில் அது அறியப்படாமை. அன்பர் வழக்கில் அதுவே நெருக்கம்: திரையில் பெரிதும் வெண்ணிற முகங்களே நாயகராயிருந்த சூழலில், நம் நிறத்தவர், நம்மவர் என்னும் உரிமைச் சொல். பார்வையாளர் மேடையில் அமர்ந்தோர்க்கு இருளாகத் தோன்றியது, சிற்றூர் மன்றத்துப் பெயர்ப்பலகையில் பல ஆண்டுகளாகத் தெரிந்த முகமே. கட்சி தோன்றும் முன்பே அவருடைய மன்றத்தினர் உள்ளாட்சித் தேர்தல்களில் போட்டியிட்டு வென்றிருந்தனர். சென்னையிலிருந்து எண்ணியோர் கணக்கில் உள்ளாட்சித் தேர்தல் இடம்பெறவில்லை என்பதே உண்மை.

2008 தொகுதி மறுவரையறையால் இன்றைய கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதி உருவாயிற்று. ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி ஆகியவற்றோடு சேலம் மாவட்டத்துக் கங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு ஆகிய சட்டமன்றத் தொகுதிகளும் அதில் அடங்கும். 2009இல் அங்கு நடந்த தேர்தலில் தி.மு.க. வேட்பாளர் ஆதிசங்கர் வென்றார், அ.தி.மு.க. கூட்டணியிலிருந்த பா.ம.க. இரண்டாமிடம். தே.மு.தி.க.வின் எல். கே. சுதீஷ் மூன்றாமிடத்தில் ஏறத்தாழ 1,32,000 வாக்குகள் பெற்றார். முதலிருவரிடையே இருந்த வேறுபாடு ஏறத்தாழ 1,08,600. வேறுபாட்டினும் மிகுதியான வாக்குகள் மூன்றாமவரிடம் இருந்தன. வென்றவரும் தோற்றவரும் தத்தம் முடிவுக்கு மூன்றாமவரைக் காரணம் காட்டும் புறநானூற்று 125ஆம் பாடலின் நிலை, வாக்கு எண்ணிக்கைத் தாளில் மீண்டும் தோன்றியது எனலாம். ஒரு வேறுபாடு உண்டு: மலையன் அறிந்தே ஒரு பக்கம் நின்றான், 2009இன் மூன்றாமவர் தமக்காகவே நின்றார்.

2011இல் அ.தி.மு.க. கூட்டணியில் சேர்ந்த தே.மு.தி.க., 41 தொகுதிகளில் போட்டியிட்டு 29 இடங்களை வென்றது. தி.மு.க.வுக்கு 23 இடங்களே கிடைத்ததால், ரிஷிவந்தியத்தில் வென்ற விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். ஆறாண்டுகளுக்குள் புதியவர் என்ற நிலை போய்விட்டது. வாக்கு விழுக்காடோ 2006இல் இருந்ததைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. இருக்கை எண்ணிக்கையை உயர்த்தியது கூட்டணி. தனித்து நின்ற காலத்தில்தான் கட்சியின் சொந்த வலிமை மிகுதியாக இருந்தது. ‘எதிர்பாராத’ என்னும் அடைமொழியின் ஆயுள் மிகக் குறுகியது. 2016இல் மக்கள் நலக் கூட்டணியோடு இணைந்து முதலமைச்சர் வேட்பாளராக நின்ற விஜயகாந்த், உளுந்தூர்ப்பேட்டையில் மூன்றாமிடம் பெற்றுப் பிணைத்தொகையையும் இழந்தார். கட்சியின் வாக்கு 2.4 விழுக்காடாகச் சுருங்கியது, ஓரிடமும் கிட்டவில்லை. மூன்று தேர்தல்களும் அடுத்தடுத்த மூன்று தொகுதிகளில், ஒரே நிலப்பரப்பில் நிகழ்ந்தவை. அவ்வாக்காளர்கள் அவரை அறியாமல் தேர்ந்தெடுத்ததும் இல்லை. அறியாமல் கைவிட்டதும் இல்லை.

பட்டியலில் இல்லாதோர்

டிஸ்ரேலியின் குதிரை ஒன்றில் நற்பேறுடையது. கவனிக்கப்படவில்லையெனினும் அதன் பெயர் பட்டியலில் இருந்தது. இத்தொடரைப் பயன்படுத்தும்போது ஒரு முன்நிபந்தனை பேசாமலே ஏற்கப்பட்டுவிடுகிறது: ஓடுவதற்கு எல்லோர்க்கும் இடம் உண்டு, யார் முந்துவார் என்பது மட்டுமே ஐயம். மேற்கண்ட தேர்தல்கள் யாவும் சமவெளியில் நிகழ்ந்தவை. அவற்றின் மேற்கே எழும் கல்வராயன் மலைக்கு இந்நிபந்தனை நெடுங்காலம் பொருந்தவில்லை.

பழங்குடியினரான மலையாளிகள் வாழும் அம்மலை, சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஆகியோரின் ஜாகீர்களாக இருந்தது. அவ்வுரிமையை விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயரோடு இணைத்துச் சொல்லும் மரபு உண்டு. நாடு விடுதலை பெற்றபின்னும் ஜாகீர்தாரர் மேலாண்மை தொடர்ந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல்தான், மலை அரசின் நேரடி நிருவாகத்துக்குள் வந்தது. மலைமக்கள் 1996இல்தான் முதன்முறையாக வாக்களித்தனர் என்பது 2024இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததன்பின், மலைமக்களின் வாழ்நிலை குறித்து நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கு அது. சாலை, மருத்துவம், பள்ளி ஆகியன பற்றிய வினாக்களோடு வாக்குரிமையின் வரலாறும் அவ்வழக்கில்தான் பொதுவெளிக்கு வந்தது.

இவ்வாண்டுகளை மேற்சொன்னவற்றோடு அடுக்கிப் பார்த்தல் வேண்டும். 1952இல் தென்னார்க்காட்டுச் சமவெளியின் உழவர்கள் சட்டமன்றத்தின் கணக்கைப் புரட்டியபோது மலை ஜாகீராக இருந்தது. 1967இல் ஆட்சி மாறியபோதும், 1977இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானபோதும், நீதிமன்றத்தில் கூறப்பட்டதன்படி, மலைமக்கள் வாக்களித்திருக்கவில்லை. 1996க்கும், விருத்தாசலத்தில் தே.மு.தி.க. வென்ற 2006க்கும் இடையே பத்தே ஆண்டுகள். தேர்தல் ஆய்வுகள் ‘எதிர்பாராத வெற்றி’களை எண்ணும்போது, பந்தயத்துக்கு அழைக்கப்படாதோர் எண்ணிக்கையில் வருவதில்லை. ‘கறுப்புக் குதிரை’ என்னும் தொடரில் அவர்களைக் குறிக்க இடமும் இல்லை. அது ஓடியவர்களைப் பற்றிய சொல்.

இன்று தமிழகச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டவை இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். ஏற்காடு, கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதிக்குள் அடங்குகிறது. கல்வராயன் மலை 2019 நவம்பர் 26இல் தொடங்கிவைக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தனி வட்டமாக அமைக்கப்பட்டது. மாவட்டத்தின் மறு கோடியில், பெண்ணையாற்றங்கரையில், மலையமான்களின் கோவலூர். மலையமான் என்னும் குடிப்பெயரே மலைக்குரியவன் என்று பொருள்படுவது.